முப்பத்தோராம் மாடியில் செவ்வாய்க்கிழமை

“யாரோ என் வீட்டுக்குள்ள வந்துட்டுப் போறாங்க. ஒரு குண்டூசிகூடக் காணாமப் போகல. அதுதான் பயமா இருக்கு” என்றாள் நர்ஸ்.

முப்பத்தோராம் மாடி. ஒரே படுக்கையறைதான் என்றாலும் அந்த ஃபிளாட்டில் ஆடம்பரத்துக்குக் குறைவில்லை. கூடத்தின் ஒரு பக்கம் முழுக்கக் கண்ணாடிச் சுவர். சமையல் மேடை முகம் பார்க்கலாம் போலப் பளபளக்கும் கறுப்புக் கல். கதவைத் தொட்டால் சத்தமில்லாமல் தானாகவே மூடிக்கொள்ளும் அலமாரிகள். நேரம், செவ்வாய்க்கிழமை காலை ஒன்பது மணி ஐந்து நிமிடம்.

சோபாவில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்த பெண்மணிக்கு ஐம்பது வயது. எரிந்துபோனதாகச் சொல்லப்பட்ட கடைகளையும் தொலைந்துபோனதாகச் சொல்லப்பட்ட நகைகளையும் பற்றி உண்மையா பொய்யா என்று ஒரு காப்பீட்டு நிறுவனத்துக்கு இருபத்திரண்டு ஆண்டுகள் எழுதிக் கொடுத்தவர். யார் எதைச் சொன்னாலும் எடை போடாமல் வாங்க மாட்டார் என்பதால் அங்கே அவருக்கு விழுந்த பெயர் தராசு. வேலையை விட்டுத் துப்பறியும் தொழிலுக்கு வந்த பிறகும் பெயர் விடவில்லை. உயரத்துக்குப் பயந்து, கண்ணாடிச் சுவரிலிருந்து எவ்வளவு தூரம் தள்ளி நிற்க முடியுமோ அவ்வளவு தூரம் தள்ளி நின்றவன் அவருடைய உதவியாளன். வயது முப்பத்தைந்து. யார் பெருமை பேசினாலும் ஒரே வார்த்தையில் காற்றை இறக்கிவிடுவதால் பஞ்சர்.

“ஏன் சிஸ்டர், வந்துட்டுப் போறவன் கொஞ்சம் கீழ் மாடியாப் பார்த்து வந்திருக்கக் கூடாதா?” என்றான் பஞ்சர்.

நர்ஸ் சிரிக்கவில்லை. சிரிக்கும் நிலையிலும் இல்லை. அவள் சொன்ன விவரம் இது. கணவனைப் பிரிந்து ஓராண்டு ஆகிறது. ஏழு வயது மகள் இப்போது அவனிடம் இருக்கிறாள். மகளைத் தன்னிடம் விட வேண்டும் என்று நர்ஸ் போட்ட மனு குடும்ப நீதிமன்றத்தில் இருக்கிறது. குழந்தை வளர ஏற்ற வீடுதானா என்று பார்க்க நீதிமன்றத்தின் நல அலுவலர் வியாழக்கிழமை பதினொரு மணிக்கு இங்கே வருகிறார். அந்த அம்மாள் எழுதும் ஒரு பக்க அறிக்கையில்தான் எல்லாம் இருக்கிறது. அதற்காகவே எழுபது நாட்களுக்கு முன்னால் இந்த வீட்டை வாடகைக்குப் பிடித்தாள். போலீசுக்குப் போனால், எவனோ வந்து போகும் வீட்டுக்கா குழந்தையை அனுப்புவது என்று கணவனின் வக்கீல் அதையே பிடித்துக்கொள்வார்.

“உங்க கணவரே ஆள் வெச்சு உங்களைப் பயமுறுத்தலாமே?” என்று கேட்டார் தராசு.

நர்ஸும் முதலில் அப்படித்தான் நினைத்தாளாம். ஆனால் பயமுறுத்த வருகிறவன் பயப்படும்படி ஏதாவது செய்ய வேண்டாமா?

“என்னதான் செய்றான்?”

நர்ஸ் குளியலறைப் பக்கம் கைகாட்டினாள். “குளியலறையில டிஷ்யூ சுருள் இருக்கில்ல, அதோட நுனியை முக்கோணமா மடிச்சு வெச்சுட்டுப் போறான்.”

தராசு எழுந்திருப்பதற்குள் பஞ்சர் குளியலறை வாசலை எட்டிவிட்டான். இப்போது நுனி கோணல்மாணலாகக் கிழிந்திருந்தது. அது செவ்வாய்க்கிழமைகளில் மட்டும்தான் மடிந்திருக்கும் என்றாள் நர்ஸ்.

“டிஷ்யூ மடிக்கிற பேயை நான் இதுவரைக்கும் கேள்விப்பட்டதில்லை அக்கா. நல்ல வீட்டுப் பேய்.”

அடுத்ததை நர்ஸ் கூடத்தில் காட்டினாள். சோபாவுக்கு முன்னால் ஒரு கம்பளம். போன செவ்வாய்க்கிழமை அவசரமாகக் கிளம்பியபோது தலைமுடி கிளிப் அதன்மேல் விழுந்தது. குனிந்து எடுக்கச் சோம்பல்பட்டு அப்படியே போய்விட்டாள். திரும்பி வந்தபோது கிளிப் விழுந்த இடத்திலேயே, மேஜைக் காலுக்குப் பக்கத்தில், வாய் பிளந்தபடி கிடந்தது. ஆனால் அதன் அடியிலிருந்த கம்பளம் திரும்பியிருந்தது. சோபாப் பக்கம் இருந்த காப்பிக் கறை கண்ணாடிச் சுவர்ப் பக்கம் போயிருந்தது.

தராசு கம்பளத்தின் முன்னால் மண்டியிட்டு அந்தக் கறையைச் சற்று நேரம் பார்த்தார். எரிந்த கடையில் கணக்குப் புத்தகம் மட்டும் எரியாமல் கிடைத்தால் எப்படிப் பார்ப்பாரோ அப்படிப் பார்த்தார்.

பிறகு வீட்டைச் சுற்றி வந்தார். படுக்கையறைக்குப் போகும் வழியில் சுவரோடு சுவராக ஓர் உயரமான அலமாரி பூட்டிக் கிடந்தது. அது வீட்டுச் சொந்தக்காரருடைய சாமான் என்றும், சாவி தன்னிடம் இல்லை என்றும் சொன்னாள் நர்ஸ். சொந்தக்காரரைப் பார்த்திருக்கிறீர்களா என்றதற்கு இல்லை என்றாள். அவர் வெளிநாட்டில் இருக்கிறார், எல்லாவற்றையும் இந்தக் கட்டடத்தின் மேனேஜர்தான் பார்த்துக்கொள்கிறார். மருத்துவமனை அறிவிப்புப் பலகையில் ‘வீடு வாடகைக்கு’ என்று ஒட்டியவரும் அவர்தான், ஒப்பந்தத்தில் கையெழுத்து வாங்கி வந்தவரும் அவர்தான்.

பூட்டிய அலமாரியின் கதவுக்கும் தரைக்கும் நடுவே ஒரு விரல்கூட நுழையாத இடைவெளி. தராசு தலைமுடியிலிருந்து ஊசியை உருவி உள்ளே விட்டு இழுத்தார். நுனியோடு நாலைந்து துகள் உலர்ந்த மண் வந்தது.

அவர் நிமிர்ந்து கூடத்து ஜன்னல் ஓரத்தைப் பார்த்தார். நர்ஸ் வளர்க்கும் கொடி ஒன்று சிறு தொட்டியில் இருந்தது. அந்த வீட்டில் மண் இருந்த ஒரே இடம் அதுதான்.

“இந்த அலமாரியை நீங்க திறந்ததே இல்லையா?”

“சாவியே இல்லையே மேடம்.”

“அப்போ உங்க செடி மட்டும் எப்படி உள்ளே போச்சு?”

 தராசு ஒப்பந்தத்தைக் கேட்டு வாங்கினார். நாலு பக்கம். மற்றவர்கள் வாடகை எவ்வளவு என்று பார்ப்பார்கள். அவர் கடைசிப் பக்கத்தின் நிபந்தனைகளிலிருந்து பின்னோக்கிப் படித்தார். பதினான்காவது: பாதுகாப்புக் கருதிக் குடியிருப்பவரின் பெயர் தபால் பெட்டியிலோ கீழே உள்ள பட்டியலிலோ எழுதப்படாது. பதின்மூன்றாவது: கடிதங்களை இந்த முகவரிக்கு வரவழைக்கக் கூடாது. பன்னிரண்டாவது: செவ்வாய்க்கிழமைதோறும் காலை பத்து முதல் பன்னிரண்டு வரை குளிர்சாதனப் பராமரிப்பு, அந்த நேரத்தில் குடியிருப்பவர் வெளியே இருக்க வேண்டும்.

செவ்வாய் தனக்கு விடுமுறை நாள் என்பதால் அது பெரிய தொந்தரவாகப் படவில்லை என்றாள் நர்ஸ். பக்கத்துக் கடைவீதியில் இரண்டு மணி நேரம் சுற்றிவிட்டு வந்துவிடுவாள்.

“உங்க பெயர் எங்கேயும் இல்லை, கடிதம் இல்லை, வாரத்துல ரெண்டு மணி நேரம் ஆளும் இல்லை” என்றார் தராசு. “சரி, எப்பவும் போலப் பத்து மணிக்கு மேனேஜர் கண்ணுல படுற மாதிரி வெளியே போங்க. கார் நிறுத்துற இடத்துல இன்னொரு லிஃப்ட் இருக்கில்ல? பத்து நாற்பதுக்கு அங்கே வந்துடுங்க. சாவியை மறக்காதீங்க.”

கீழே இறங்கும்போது இருபத்தாறாம் மாடியில் நாய்க்குட்டியோடு ஒரு பெண்மணி லிஃப்டில் ஏறினார். பஞ்சர் நாயை இரண்டு வார்த்தை புகழ்ந்தான். பிறகு, தான் இங்கே வீடு பார்க்க வந்திருப்பதாகவும், ஒவ்வொரு செவ்வாயும் ஏ.சி. வேலைக்காக வெளியேற வேண்டுமாமே, நாயை வைத்துக்கொண்டு கஷ்டம்தானே என்றும் வருத்தப்பட்டான். ஏ.சி. வேலை வருடத்துக்கு ஒரு முறைதான், அதற்கும் இரண்டு முறை போனில் கெஞ்ச வேண்டும், யாரோ உங்களை நன்றாக ஏமாற்றியிருக்கிறார்கள் என்று அந்த அம்மாள் பதிலுக்கு வருத்தப்பட்டுவிட்டு இறங்கிப் போனார்.

“பன்னிரண்டாவது நிபந்தனை பஞ்சர்” என்றான் பஞ்சர்.

வரவேற்புக் கூடத்தில் மேனேஜர் இருந்தார். ஐம்பத்தைந்து வயது, கலையாத தலை, மடிப்புக் கலையாத சட்டை, யாரைப் பார்த்தாலும் இடுப்பிலிருந்து லேசாகக் குனியும் பழக்கம். பஞ்சர் ஒற்றைப் படுக்கையறை வீடு ஏதாவது காலியாக இருக்கிறதா என்று கேட்டான். உயரமான மாடி என்றால் மகிழ்ச்சி என்று சொன்னபோது அவன் குரல் உலர்ந்துபோனது தராசுக்கு மட்டும் தெரிந்தது. பன்னிரண்டு மணிக்கு மேல் வாருங்கள், இப்போது அவசர வேலை இருக்கிறது என்றார் மேனேஜர்.

பஞ்சர் தும்மினான். அது நடிப்புத் தும்மல், ஆனால் நல்ல தும்மல். மேனேஜர் உடனே மேஜையிலிருந்த பெட்டியிலிருந்து ஒரு டிஷ்யூவை உருவிக் கொடுத்தார். கொடுத்துவிட்டு, பேச்சு நிற்காமல், பெட்டியில் நீட்டிக்கொண்டிருந்த அடுத்த தாளின் இரண்டு ஓரங்களையும் உள்ளே மடித்தார். முக்கோணம். அதை அவர் கண் பார்க்கவே இல்லை. கைதான் செய்தது.

“சார் இதுக்கு முன்னாடி ஹோட்டலா?” என்று கேட்டார் தராசு.

மேனேஜரின் முகம் மலர்ந்தது. பத்தொன்பது வருடம் என்றார். அறை சுத்தம் செய்பவனாகச் சேர்ந்து மேற்பார்வையாளராக வெளியே வந்தவர். ஒரு நாளைக்குப் பதினாறு அறை. இப்போதெல்லாம் யாருக்கு அந்த ஒழுங்கு வருகிறது என்று குறைப்பட்டுக்கொண்டார்.

பத்து மணிக்கு நர்ஸ் கைப்பையோடு அவரைக் கடந்து வெளியே போனாள். குனிந்து வணக்கம் சொன்னார். பத்து மணி நாலு நிமிடத்துக்கு ஒரு தோல்பையை எடுத்துக்கொண்டு லிஃப்டில் ஏறினார். லிஃப்டின் மேலே ஓடிய எண் முப்பத்தொன்றில் நின்றது.

பஞ்சர் உடனே ஓடத் தயாரானான். தராசு அசையவில்லை. “இப்போ போனா, ஏ.சி. பார்க்க வந்தேன்னு சொல்லுவார். வேலை பாதி நடக்கட்டும். இவர் எதையும் எடுத்துட்டுப் போக வரல. எதையோ எடுத்துட்டுத் திரும்ப வைக்க வர்றார்.”

“புரியற மாதிரி சொல்லுங்கக்கா.”

“கிளிப்பை எடுத்தாத்தான் கம்பளத்தைத் தூக்க முடியும். திரும்ப விரிக்கும்போது கம்பளம் எந்தப் பக்கம்னு மறந்துட்டார். ஆனா கிளிப் இருந்த இடம் மறக்கல. எப்படி?”

பஞ்சர் யோசித்தான். “எழுதி வெச்சிருப்பாரு.”

“இல்லை. படம் எடுத்து வெச்சிருப்பார். படத்துல கிளிப் விழுந்திருக்கு, கறை விழல.”

பத்தே முக்காலுக்கு மூவரும் முப்பத்தோராம் மாடியின் நடையில் நின்றார்கள். நர்ஸ் சாவியை நுழைத்தாள். 

கதவு திறந்தது.

வீடு மாறிவிட்டதோ என்று பஞ்சர் திரும்பிக் கதவு எண்ணைப் பார்த்தான். எண் சரிதான். உள்ளேதான் எதுவும் சரியில்லை. கம்பளம் இருந்த இடத்தில் வெள்ளை ஆட்டுத்தோல் விரிப்பு. சோபாவில் பொன்னிற மெத்தைத் திண்டுகள். மகள் வரைந்த யானை மாட்டியிருந்த ஆணியில் சட்டமிட்ட பெரிய கடல் ஓவியம். செடி இல்லை. செருப்புகள் இல்லை. சமையல் மேடையில் ஒரு கரண்டிகூட இல்லை. திறந்திருந்த படுக்கையறைக் கதவு வழியே சுருக்கமில்லாத பழுப்புப் பட்டு விரிப்பு தெரிந்தது. எழுபது நாட்களாக அங்கே ஒருத்தி சாப்பிட்டாள், தூங்கினாள், அழுதாள் என்பதற்கு ஒரு அடையாளம் இல்லை.

பூட்டிய அலமாரி இப்போது திறந்திருந்தது. நர்ஸின் வாழ்க்கை முழுவதும் அதற்குள் அடுக்கப்பட்டிருந்தது. செடி, கம்பளம், துணிகள், பல் துலக்கும் பிரஷ், யானை.

கூடத்தின் நடுவே, காலுறை மட்டும் அணிந்து, கைபேசியை இரண்டு கையாலும் உயர்த்திப் பிடித்துப் படம் எடுத்துக்கொண்டிருந்தார் மேனேஜர்.

“கொஞ்சம் இடது பக்கம் நகருங்க சார், வெளிச்சம் நல்லா விழும்” என்றான் பஞ்சர்.

மேனேஜருக்கு உட்காரத் தோன்றியது. ஆனால் பொன்னிறத் திண்டு கசங்கிவிடும் என்று அப்போதும் நின்றபடியே இருந்தார். தராசு கேட்ட கேள்விகளுக்கு அவர் சொன்ன பதில்களைச் சுருக்கினால் இவ்வளவுதான். வீட்டின் சொந்தக்காரர் ஒரு கப்பலில் எஞ்சினியர். வாங்கிய வீட்டில் ஒரு நாள்கூடத் தங்கியதில்லை. சாவியை மேனேஜரிடம் கொடுத்து, வீட்டைப் பூட்டியே வைத்திருக்க வேண்டும், வாரம் ஒருமுறை எல்லா அறையையும் தேதியும் நேரமும் விழும்படி படம் எடுத்து அனுப்ப வேண்டும் என்று சொல்லிப் போனார். செவ்வாய் பதினொரு மணிக்குத்தான் அவருக்குக் கப்பலில் இணைய இணைப்பு கிடைக்கும். இரண்டு வருடம் ஒழுங்காக அனுப்பினார் மேனேஜர். அப்புறம் பூட்டிக் கிடக்கும் வீடு அவர் கண்ணை உறுத்தியது.

“அப்போ அவர் வாடகைக்கு விடச் சொல்லல?” என்றாள் நர்ஸ்.

மேனேஜர் கடல் ஓவியத்தின் சட்டத்தை நேராக்கினார்.

“ஒப்பந்தத்துல இருக்கிற கையெழுத்து?”

“நான் போட்டதுதான்” என்றார் மேனேஜர். தராசு நர்ஸின் பக்கம் திரும்பினார். அவர் குரல் வழக்கத்தைவிட மெதுவாக இருந்தது. “அத்துமீறி உள்ளே வர்றது யாருன்னு கண்டுபிடிக்கச் சொன்னீங்க. மனசைத் திடப்படுத்திக்குங்க. அவர் சாவி கொடுத்த ஆள். அனுமதி இல்லாம இந்த வீட்டுக்குள்ள இருக்கிறது நீங்கதான்.”

நர்ஸ் அலமாரியிலிருந்து யானைப் படத்தை எடுத்து மார்போடு சேர்த்துக்கொண்டாள். அதைப் பார்த்த மேனேஜருக்குப் போன தைரியம் திரும்பி வந்தது. போலீசைக் கூப்பிட்டால் தான் வேலையை இழப்பேன், ஆனால் அன்றைக்கே பெட்டி படுக்கையோடு தெருவுக்கு வருவது இந்தம்மாதான் என்றார். வியாழக்கிழமை அலுவலர் வந்து பூட்டிய கதவைப் பார்த்துவிட்டுப் போவார். அது யாருக்கு நல்லது? எல்லோரும் வாயை மூடிக்கொண்டால் இன்னும் அரை மணியில் எல்லாவற்றையும் பழையபடி வைத்துவிடுவார். கிளிப் முதற்கொண்டு.

“கம்பளத்தையாவது இந்தத் தடவை சரியாப் போடுவீங்களா?” என்றான் பஞ்சர்.

மேனேஜரின் கையிலிருந்த கைபேசி ஒலித்தது. மணி பதினொன்று ஏழு. படம் வராததால் சொந்தக்காரரே கூப்பிடுகிறார். தன்னைப் பேச விடும்படி மேனேஜர் கண்ணாலேயே கெஞ்சினார்.

நர்ஸ் தராசைப் பார்த்தாள். “நான் என்ன பண்ணட்டும்க்கா?”

“தராசு எடை போடும். வாங்கறதும் விடறதும் நீங்க.”

ஐந்தாவது முறை மணி அடித்தபோது நர்ஸ் கைபேசியை வாங்கிக்கொண்டாள். தன் பெயரைச் சொன்னாள், தொழிலைச் சொன்னாள், எழுபது நாட்களாக உங்கள் வீட்டில் குடியிருக்கிறேன், உங்களுக்குத் தெரியாது என்பது எனக்கு இப்போதுதான் தெரியும் என்றாள். எதிர்முனையில் இயந்திர இரைச்சல் மட்டும் கேட்டது. தராசு கையை நீட்டி ஒலிபெருக்கியை அழுத்தினார்.

“உங்களைத் தெரியாது” என்றது ஒரு கரகரத்த குரல். “யாரோ இருக்கீங்கன்னு தெரியும். புழங்காத குழாய்ல வாய் வெள்ளையாப் பூத்துப் போகும். ரெண்டு மாசமாப் படத்துல என் குழாய் பளபளன்னு இருக்கு. ஒரு படத்துல நுனியில ஒரு துளி தொங்குது. மேனேஜர் குடும்பத்தோட குடி வந்துட்டார்னு நினைச்சேன்.”

மேனேஜர் இப்போது உட்கார்ந்துவிட்டார், திண்டின் மேலேயே.

கப்பல்காரர் நல்ல மனுஷர் என்று அவசரப்பட்டு யாரும் முடிவு கட்டிவிட முடியவில்லை. சுவரில் புது ஆணி எத்தனை அடித்தீர்கள் என்று கேட்டார். அடுப்புக் கண்ணாடி கீறியிருக்கிறதா, தரையைப் பார்த்துச் சொல்லுங்கள் என்றார். நர்ஸ் ஒவ்வொன்றுக்கும் பதில் சொன்னாள். காப்பிக் கறை தன் கம்பளத்தில்தான், உங்கள் தரையில் இல்லை என்றாள். கடைசியில் மகளைப் பற்றியும் வியாழக்கிழமையைப் பற்றியும் சொன்னாள். கேட்டுக்கொண்டிருந்தவர், அடுத்த வருடம் தான் கரைக்கு வரப்போவதாகவும், அன்றைக்கு மறுபேச்சில்லாமல் வீட்டைக் காலி செய்ய வேண்டும் என்றும் சொன்னார். அதுவரை இருக்கலாம். இன்றைய தேதியிட்டு, கையெழுத்திட்டுக் கடிதம் அனுப்புகிறேன் என்றார்.

நர்ஸ் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். தராசு மட்டும் முகத்தைச் சுளித்தார்.

“இவர்தான் சொந்தக்காரர்னு நமக்குச் சொன்னது யாரு?”

மூவரும் திண்டின் மேல் உட்கார்ந்திருந்தவரைப் பார்த்தார்கள்.

“போன தடவையும் முன்னப்பின்ன பார்க்காத ஒருத்தர் கையெழுத்தை நம்பித்தான் உள்ளே வந்தீங்க” என்றார் தராசு. கைபேசியின் பக்கம் குனிந்து, கடிதத்தோடு கடவுச்சீட்டின் நகலும் வேண்டும் என்றார்.  இதை நான் இந்த மேனேஜரிடம் கேட்டிருக்க வேண்டும் என்று முணுமுணுத்தது குரல்.

அன்று பிற்பகல் மூன்று மணிக்குப் பதிவு அலுவலகத்தில் வரிசையில் நின்று, விண்ணப்பம் எழுதி, வீட்டுப் பத்திரத்தின் நகலை வாங்கினார் தராசு. பெயர், பிறந்த தேதி, கையெழுத்தின் கடைசிச் சுழிப்பு வரை கப்பலிலிருந்து வந்த கடிதத்தோடும் கடவுச்சீட்டு நகலோடும் ஒத்துப்போனது. மேனேஜர் விஷயத்தைக் கப்பல்காரர் கட்டடச் சங்கத்திடம் ஒப்படைத்துவிட்டார். இருந்தும் அன்று முழுக்கத் தராசு சிரிக்கவில்லை. சந்தேகம் தீர்ந்த பிறகும் கொஞ்ச நேரம் அது முகத்தில் தங்கும். வழக்கம்தான் என்றான் பஞ்சர்.

வியாழக்கிழமை சரியாகப் பதினொரு மணிக்கு நல அலுவலர் வந்தார். ஒல்லியான பெண்மணி, கையில் தடித்த கோப்பு. கடிதத்துக்குச் சாட்சி வேண்டியிருக்கலாம் என்று நர்ஸ் கேட்டுக்கொண்டதால் தராசும் பஞ்சரும் சமையல் மேடை ஓரமாக உட்கார்ந்திருந்தார்கள்.

ஒரே படுக்கையறை, குழந்தை எங்கே தூங்கும் என்று கேட்டார் அலுவலர். படுக்கையறை அவளுக்கு, தனக்குக் கூடத்து சோபா என்றாள் நர்ஸ். வேலை நேரத்தைக் காலைக்கு மாற்றிக்கொண்ட உத்தரவைக் காட்டினாள். அலுவலர் குறித்துக்கொண்டார். கண்ணாடிச் சுவரின் தாழ்ப்பாளை இழுத்துப் பார்த்தார். அப்புறம் வீட்டு உரிமையாளரின் கடிதத்தைக் கையில் எடுத்தார்.

“இதுல முந்தாநாள் தேதி போட்டிருக்கு. நீங்க மனுவுல ரெண்டு மாசத்துக்கு மேல இங்கே இருக்கிறதா எழுதியிருக்கீங்க.”

பஞ்சர் தராசைப் பார்த்தான். தராசு ஜன்னலைப் பார்த்தார்.

நர்ஸ் ஒன்றையும் மறைக்கவில்லை. அறிவிப்புப் பலகையில் ஆரம்பித்து, போலிக் கையெழுத்து, செவ்வாய்க்கிழமைப் படங்கள், கப்பல் அழைப்பு வரை வரிசையாகச் சொன்னாள். எழுபது நாட்களும் உரிமை இல்லாத வீட்டில்தான் இருந்தேன், தெரிந்த அன்றைக்கே அவரிடம் சொல்லிவிட்டேன் என்று முடித்தாள். சொல்லும்போது இரண்டு இடத்தில் நிறுத்தி, தண்ணீர் குடித்துவிட்டுத் தொடர்ந்தாள்.

அலுவலர் கோப்பைத் திறந்து, அடியிலிருந்து ஒரு தாளை எடுத்து மேஜைமேல் நர்ஸின் பக்கமாகத் திருப்பி வைத்தார். கணவனின் வக்கீல் எழுதிய கடிதம். திங்கட்கிழமைத் தேதி. பதிவு அலுவலகத்தில் விசாரித்ததில் இந்த வீட்டின் உரிமையாளர் இதை யாருக்கும் வாடகைக்கு விடவில்லை என்று தெரிகிறது, மனுதாரர் பொய்யான முகவரியைக் காட்டி நீதிமன்றத்தை ஏமாற்றுகிறார் என்று அதில் இருந்தது.



“திங்கட்கிழமையே இது என் கைக்கு வந்துடுச்சும்மா” என்றார் அலுவலர். “நீங்க என்ன சொல்றீங்கன்னு பார்க்கத்தான் அடியில வெச்சிருந்தேன்.”

அவர் வக்கீல் கடிதத்தின் மேல் கப்பல்காரர் கடிதத்தை வைத்து, இரண்டையும் ஒரே ஊசியால் சேர்த்துக் குத்தினார். அறிக்கைத் தாளை எடுத்துப் பேனாவைத் திறந்தார்.

“பாப்பா பள்ளிக்கூடம் இங்கிருந்து எவ்வளவு தூரம்?”

“நடந்தா பதினோரு நிமிஷம்” என்றாள் நர்ஸ். “அவ நடையில நடந்து பார்த்தேன். பதினெட்டு.”

அலுவலர் பதினெட்டு என்று எழுதினார்.